கல்லறை வீரனின் தாடை

“…அதெல்லாம் இருக்கட்டும், கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டலையே தம்பி? வாய்க்கட்டும் இல்ல. அந்த ஊர்ல இப்படியா பொணத்தக் கிடத்துவாங்க?” என் ஓவியத்தைப் பார்த்துக் கேட்டபடியே டீ டம்ளரை வண்ண டப்பாக்களுக்கு நடுவில் வைத்தார் அண்ணி.

“இது சிலை அண்ணி. இத்தாலில ஒரு கல்லறை மேல இருக்கு. ஐந்நூறு வருஷம் ஆச்சு.”

“கல்லு மேல கல்லா? முதுகு வலிக்காது. குடுத்து வச்சவன்.”

அண்ணி சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. பெங்களூர் ஈஜிபுராவில் எங்களுடைய அந்த ஒற்றை அறையில் சிரிப்புச் சத்தம் கேட்பதே அவரால்தான்.

அபார்ட்மெண்ட் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் பிழைப்பு. ஓவியம் நானாகக் கற்றுக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும். பழைய புத்தகம் ஒன்றில் இருந்த புகைப்படத்தைப் பார்த்துத்தான் மல்லாந்து கிடக்கும் அந்த இளம் போர்வீரனை வரைந்துகொண்டிருந்தேன். கவசம் வந்துவிட்டது, அங்கியின் மடிப்புகளும் வந்துவிட்டன. முகம்தான் படியவில்லை. புகைப்படத்தில் தாடைக்குக் கீழே ஒரே இருட்டு.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, எதிரே கட்டிலில் அண்ணன், முந்தின நாள் டயாலிசிஸின் அசதி தீராமல், மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஒரே ஒரு முறை பார்த்தேன். தாடை அப்படியே வந்துவிட்டது. பிறகு கன்னக்குழியைப் பார்த்தேன். பிறகு மூடிய இமைகளை. மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின. உயிரோடிருக்கிறவரைக் கொண்டுபோய்க் கல்லறையில் கிடத்துகிறோமே என்று தோன்றியது. ஆனால் அவ்வளவு நன்றாக அதற்குமுன் எனக்குக் கை ஓடியதில்லை. நிறுத்தவில்லை.

இப்போது அண்ணி கான்வாஸுக்கு அருகே குனிந்தார். தாடையைப் பார்த்தார். திரும்பிக் கட்டிலில் தூங்கும் அண்ணனைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“யாரப் பாத்து வரஞ்ச?”

புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை.

“கிட்னிக்குப் பேரு குடுத்திருக்கோம். நம்ம முறை வரும், வரும்னு தெனம் அவருகிட்ட சொல்லிட்டிருக்கேன். நீ அதுக்குள்ள…”

“அழிச்சிடறேன் அண்ணி.”

“அழிக்கணும்னா அவரு மூஞ்சியத்தான அழிக்கணும்? வேணாம். ஸ்வல்ப தள்ளு.”

தள்ளி நின்றேன். அண்ணி நாற்காலியிலிருந்து கான்வாஸை எடுத்து நெட்டுக்குத்தாகத் திருப்பினார். வீரனின் பாதங்கள் கீழே வரும்படி, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து அவனை நிற்கவைத்தார். சறுக்கிவிடாமலிருக்க, அண்ணனின் செருப்புகளை எடுத்து அடியில் முட்டுக்கொடுத்தார்.