சேகருக்காக ஒரு மெதுவான பாட்டு

சென்ற வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் ஒரு பெண் கிதாரோடு மென்மையாக ஏதோ பாட ஆரம்பித்தாள். 'குத்துப் பாட்டு போடும்மா!' என்று கூச்சல். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஏன் என்கிறீர்களா?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரி ராக் குழுவில் நான் கிதார், சேகர் டிரம்ஸ். மேடை ஏறினால் ஸ்பீக்கர் கிழியும்! சாலை மறியலில் சேகரின் அண்ணனைப் போலீஸ் பிடித்துப் போனது. மறுநாளே 'மறியல்காரன் தம்பி' என்று வகுப்பில் பலரும் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். நானும்தான். அவன் பக்கத்திலிருந்து எழுந்து, இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்... குழுவுக்கு வருவதை அவன் விட்டுவிட்டான்.

அந்த வாரமே கரியாலூர் மலையில் கல்லூரி முகாம். சேகர் வரவில்லை. கீழே மறியல், பஸ் இல்லை — மூன்று நாள் மலையிலேயே மாட்டிக்கொண்டோம். கரண்டும் இல்லை. கையில் சாதா கிதார்தான். சத்தமாக வாசிக்க வழியில்லாதபோதுதான் மனசு உறுத்துவது கேட்கிறது. 'என் பக்கத்துல இடம் இருக்கு, வந்து உக்காரு' — இந்த ஒரு வரியைச் சுற்றி ஒரு பாட்டுக் கட்டினேன்.

கல்லூரி விழாவில், டிரம்ஸ் இல்லாமல், தனியாக நின்று பாடினேன்.

"இன்னாபா, எழவு வூட்டுப் பாட்டா?"

"எறங்குடா கீழ!"

காகித உருண்டை ஒன்று நெற்றியில் வந்து அடித்தது. ஆனால் கடைசி வரி பாடாமல் இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பாடினேன். ஒருத்தரும் கை தட்டவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த சேகர்கூட, பாட்டு முடியுமுன் போய்விட்டான்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன்.

"எனக்குத்தானே பாடுன?" என்றான்.

"ஆமாண்டா. நான் பண்ணது தப்பு."

கொஞ்ச நேரம் சைக்கிள் பெல்லைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"டியூன் நல்லாக்கீது. ரெண்டாவது சரணத்துல பயந்து தாளத்த வுட்டு ஓடிக்கினே இருந்த. நான் இருந்தா இழுத்துப் புடிச்சிருப்பேன்."

திங்கட்கிழமை அவன் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். பல பேர் முறைத்தார்கள். முறைக்கட்டுமே!

பிறகு திருநாவலூரில் ஒரு விழா. சேகர் டிரம்ஸைத் தொட்டும் தொடாமலும் வாசிக்க, அதே பாட்டு. பாதிக் கூட்டம் எழுந்து போனது. முன்வரிசையில் ஓர் அம்மா மட்டும், "இன்னொருவாட்டி பாடுங்கப்பா" என்றார். பாடினோம்.

யாருக்காக எழுதினோமோ அவர் காதில் விழுந்துவிட்டால் போதும் — அந்தப் பாட்டு ஹிட்!