செதில் சுரண்டாத கொடுவா

சண்டைக் காலத்தில், ஊரே அரிசிக்கு அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் தின்ற மாதிரி கொடுவா மீனை எந்தத் துரை வீட்டிலும் தின்றிருக்க மாட்டார்கள். ஒரே மாதத்தில் ஐந்து மீன். அத்தனையும் நானும் என் கூட்டாளி தேசப்பனும் பிடித்தவை. பிடித்தது இரண்டு பேர் என்றாலும் முதல் நாலையும் தின்றது எங்கள் வீடு மட்டும்தான். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. சும்மா வருகிற மீனை ஏன் என்று கேட்கிற வயசும் இல்லை, வயிறும் இல்லை.

அப்பாவுக்கு விழுப்புரத்திலிருந்து மரக்காணத்து உப்பளத்தில் கிடங்குக் காவலுக்கு மாற்றலாகியிருந்தது. திண்டிவனம் வரை ரயில், அங்கிருந்து பொட்டல் வழியாக மாட்டு வண்டி. கிடங்குக்குக் கிழக்கே மணலில் நடந்தால் மீனவர் குப்பம். தேசப்பன் அங்கேதான் இருந்தான். எனக்குப் பத்து வயசு, அவனுக்குப் பன்னிரண்டு.

ஐப்பசியில் ஒரு நாள் அவனுடைய அப்பாவும் தாய்மாமனும் மரம் தள்ளிப் போனார்கள். மரம் என்றால் கட்டுமரம். குப்பத்தில் அந்தக் 'கட்டு'வைச் சேர்த்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மத்தியானம் காற்று மாறிப் புயலாக அடித்தது. மறுநாள் மாமன் மட்டும் ஒற்றைக் கட்டையைக் கட்டிப் பிடித்தபடி கரை ஒதுங்கினார். யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "அலை வந்துச்சி. திரும்பிப் பாத்தேன். மச்சானக் காணோம்."

உடல் வந்தால் அழுது அடக்கலாம். வராவிட்டால் என்ன செய்வது? குப்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கார்த்திகை அமாவாசை வரை பார்ப்பது. அதற்குள் ஆளோ, ஆளைச் சொல்லும் ஓர் அடையாளமோ கிடைக்காவிட்டால் காரியம் செய்து தாலியை எடுத்துவிடுவது. அதுவரைக்கும் அந்த அம்மா தினம் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு, கேப்பைக் கூழில் ஒரு சட்டி ஊற்றிப் புருஷனுக்காக மூடி வைத்தாள். மறுநாள் காலையில் அதை நாய்க்குக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றி வைப்பாள்.

அந்த வாரத்தில்தான் தேசப்பன் கிடங்குப் பக்கம் வந்தான்.

"கொடுவா புடிக்கப் போறேன். கூட ஒரு ஆளு ஓணும். வர்றியா?"

"ஏன், உங்க பசங்க யாரும் வரலியா?"

"அவுனுங்க வரமாட்டானுங்க. பயம்."

கடலில் பிறந்த பையன்கள் பயப்படுகிற வேலைக்கு விழுப்புரத்து ரயிலடிப் பையனான என்னைக் கூப்பிடுகிறானே என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தூண்டில் முள் அவனிடம் இல்லை. இருந்ததெல்லாம் அவன் அப்பாவோடு கடலில் போய்விட்டது. சண்டைக் காலத்தில் கடையிலும் முள் இல்லை. உப்பு மூட்டை தைக்கிற கோணி ஊசி ஒன்றைக் கிடங்கிலிருந்து நான் கொண்டுவந்தேன். அதைத் திருட்டு என்று சொல்வதற்கு என் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. தேசப்பன் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தான். எதிர்ப்பல் இல்லாத முள். கயிறு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் கழன்றுவிடும்.

உப்பங்கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் சின்ன மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தோம். வலை காயப்போட்டிருந்த அவனுடைய பெரியப்பா முறைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"டேய் தேசப்பா, இன்னாடா இது? ஆளு போன கடல்ல காரியம் முடியாம கொடுவா தின்னுவாங்களாடா? அது வாயே மொறம் மாரி. எதத் தின்னுக்கினு வந்துச்சோ, யாரு கண்டா?"

"தின்னமாட்டேன் பெரீப்பா."

"பின்ன எதுக்குடா புடிக்கிற?"

அவன் குனிந்து மரத்தைத் தள்ளினான். பெரியப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மரத்துக்கு ஒரு கை கொடுத்துத் தள்ளிவிட்டார். என்னைப் பார்த்து, "ஏம்பா ரயிலடி, நீஞ்சத் தெரியுமா?" என்றார். தெரியும் என்று பொய் சொன்னேன். "அப்ப மரத்தக் கெட்டியாப் புடிச்சிக்கினு குந்து."

நீர் வற்றிக் கழித்தண்ணீர் கடலுக்கு இழுக்கிற நேரம். அதோடு வெளியே வருகிற பொடி மீன்களுக்காகக் கொடுவா முகத்துவாரத்தில் காத்திருக்குமாம். உயிர் மடவை மீன் ஒன்றை முதுகில் கோத்து விட்டான் தேசப்பன். மரத்தின் இடுக்கில் தண்ணீர் ஏறி இறங்கியது. என் கால்சட்டை ஊறிப்போனது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு பலகையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

"வுடாதடா! தொய்யவுடாத! இஸ்துக்கினே இரு!"

வெள்ளியாக ஒன்று தண்ணீருக்கு மேலே எழுந்து தலையை உதறியது. அந்த வாய்க்குள் என் தலை போகும் என்று தோன்றியது. மூன்று முறை உதறியது. மூன்று முறையும் தேசப்பன் பின்னால் சாய்ந்து கயிற்றை இறுக்கினான். பக்கத்தில் வந்ததும் துடுப்பால் மண்டையில் அடித்தான். ஒரு அடி போதும், அவன் நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு. "செத்துப்போச்சிடா" என்று நான் கத்தினேன். அதற்கப்புறமும் ஒன்று அடித்தான். செவுள் மூடி கிழித்து அவன் கையிலிருந்து ரத்தம் வடிந்தது. அழுதானா, கடல் தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயித்த சந்தோஷம் என்று வைத்துக்கொண்டேன்.

மீனை நட்டுவைத்தால் என் இடுப்புக்கு வரும். இருவரும் தூக்கிக்கொண்டு போய் அவன் அம்மா முன்னால் போட்டோம். யார் பிடிக்கச் சொன்னது, ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிவாள்மனையை எடுத்து வந்து உட்கார்ந்தாள். எங்கள் அம்மா மீன் ஆய்ந்தால் முதலில் செதில் சுரண்டுவாள், பிறகு துடுப்பு, கடைசியில்தான் வயிறு. இந்த அம்மாவோ எடுத்ததும் வயிற்றைக் கிழித்தாள். குடலை ஒரு தட்டில் வழித்துப் போட்டு, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தாள். தேசப்பன் அவள் விரலையே பார்த்தபடி குனிந்து நின்றான்.

"எதுனா கீதாம்மா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. மடவையும் எறாலுந்தான்."

சொல்லும்போது அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வெறும் வயிற்றுக்கு இவ்வளவு சந்தோஷமா என்றிருந்தது. பிறகு மீனை அப்படியே ஓலைப் பறிக் கூடையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். "எட்த்துக்கினு போ சாமி. அம்மாகிட்ட குடு."

வீட்டில் அப்பா மீசையைத் தடவினார். "நம்ம பையன் பொழச்சிக்குவான்டி." அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "வயித்தக் கிழிச்சிக் குடுக்கிறவளுக்குச் செதிலையும் சுரண்டிக் குடுத்தா கை தேஞ்சிடுமா? வீடு பூரா செதிலு. தலையில பூ வச்ச மாதிரி ஒட்டிக்கினு கீது." சொல்லிக்கொண்டே குழம்பு வைத்தாள். சட்டியை நான் வழித்து நக்கினேன்.

மறுநாள் தேசப்பன் கேட்டான். "நல்லா இருந்துச்சா?"

"கன்னமே வெண்ணெய் மாதிரிடா," என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டான்.

இப்படி இன்னும் மூன்று மீன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா முகத்துவாரத்திலேயே அரிவாள்மனையோடு காத்திருந்தாள். முதலில் வயிறு, பிறகு விரல், பிறகு "ஒண்ணுமில்ல." ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டில் குழம்பும் முணுமுணுப்பும்.

கார்த்திகை அமாவாசைக்கு அப்பா என்னைக் குப்பத்துப் பக்கம் போகவிடவில்லை. காற்று வாக்கில் அழுகைச் சத்தம் கிடங்கு வரைக்கும் வந்தது. ஒரு வாரம் கழித்து நானும் தேசப்பனும் ஐந்தாவது மீனைப் பிடித்தோம். எல்லாவற்றிலும் பெரியது. அவன் இந்த முறை ஒரே அடிதான் அடித்தான்.

அவன் அம்மா முகத்துவாரத்துக்கு வரவில்லை. குடிசை வாசலில் இருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. மூடிவைக்கிற சட்டி கவிழ்ந்து கிடந்தது. மீனைப் போட்டதும் அரிவாள்மனையை எடுத்துப் புரட்டி, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் சுரண்ட ஆரம்பித்தாள். நிதானமாக, ஒரு செதில் விடாமல். கடைசியில் வயிற்றைக் கிழித்து, குடலைப் பார்க்காமலே காக்கைக்கு வீசினாள். தேசப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மீனைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எனக்குக் கொடுத்தாள். மறுபாதியை அவர்கள் அடுப்புக்கு எடுத்துப் போனாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவின் வாயை இன்றைக்கு அடைத்துவிடலாம் என்று அவ்வளவு பெருமை. "பாத்தியாம்மா, இன்னைக்கி சுரண்டியே குடுத்துட்டாங்க! பாதி அவங்களும் ஆக்கித் தின்னப் போறாங்க!"

அம்மா மீனை வாங்கினாள். வழவழவென்றிருந்த அதன் தோலைக் கையால் தடவினாள். அப்படியே உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் வந்த நாலு மீன்களின் கிழிந்த வயிறுகளும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் மீன் வேகவில்லை.

சுரண்டாமல் கொடுத்தாலும் குறை, சுரண்டிக் கொடுத்தாலும் அழுகை. இந்தப் பெரியவர்களைத் திருப்தி பண்ணவே முடியாது என்று நினைத்துக்கொண்டு, கையில் ஒட்டியிருந்த ஒரே ஒரு செதிலைச் சுவரில் ஒட்டி, அது மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.