பஃபலோ தோற்கும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலைய ஹாலில் மீன் வறுவல் சாப்பிடப் போகிறவர்கள் இரண்டு காரணத்துக்காகப் போவார்கள். ஒன்று, வால்ட் பொரிக்கிற ஹாடக் மீன். தட்டுக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, சொந்த ஊர் ஃபுட்பால் டீமான பஃபலோ தோற்கும் என்று நார்பர்ட் கிளிமெக் வாயால் காது குளிரக் கேட்பது.

ரெடியான தட்டுகளின் நம்பரைக் கூப்பிடுவதற்கென்று சமையல்கட்டு ஜன்னலோரம் ஒரு மைக் உண்டு. கூட்டம் பாதி சாப்பிட்டு முடித்திருக்கும்போது வால்ட் அதை நார்பர்ட்டிடம், அதாவது ஊருக்கு நார்ப்பிடம், நீட்டுவான். நார்ப் வாலிப வயதிலிருந்தே வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ்களைப் பழுதுபார்க்கிறவர். குளிர்காலத்தில் அவர் கை படாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. வீட்டுக்குள் அதிகம் பேசாத மனுஷன், மைக்கைப் பிடித்தால் தனி ஆள். அந்த வார அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் ஒவ்வொன்றையும் எடுத்து அலசுவார்.

"கிளீவ்லண்ட். போன ஞாயிறு அவங்க ஆடின லட்சணத்தைப் பார்த்தேன். ஃபர்னஸ்ல பைலட் விளக்கே அணைஞ்சுபோச்சு. யாராவது பேஸ்மென்ட்ல இறங்கிப் பத்தவச்சாத்தான் உண்டு. பிட்ஸ்பர்க் பத்து பாயின்ட்ல ஜெயிக்கும். அடுத்தது டல்லாஸ். வெளியில பெயின்ட் பளபளன்னு இருக்கு, உள்ள பர்னர் பூரா துரு. அவங்களுக்கும் கஷ்டம்தான்."

சொன்னால் பெரும்பாலும் அப்படியே நடக்கும். அதனால் ஊரில் அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

கடைசியில்தான் சொந்த ஊர். ஹாலே மெல்லுவதை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்க்கும். நார்ப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாவு சேதி சொல்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பஃபலோ தோக்கும்" என்பார். அவ்வளவுதான், மேஜைகளில் கைகள் படபடவென்று தட்டும். எல்லோரும் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி மீனைப் பிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பஃபலோ தோற்றால் ஜோசியம் பலித்தது. ஜெயித்தால் பரிகாரம் பலித்தது. எப்படிப் பார்த்தாலும் நார்ப்புக்கு மரியாதைதான்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. தொண்ணூற்றொன்று ஜனவரியில், கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு முன்னால், இதே மைக்கைப் பிடித்து, "நம்ம பசங்கதான், பத்து பாயின்ட்ல" என்று வாய் நிறையச் சொன்னவர் நார்ப். ஆட்டம் முடிய சில நொடி இருக்கையில் பஃபலோ ஒரே ஒரு பாயின்ட் பின்னால் நின்றது. கடைசியாக உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போய்விட்டது. உதைத்தவனை ஊர் மன்னித்துவிட்டது. நார்ப் தன் வாயை மன்னிக்கவில்லை. அந்தப் பந்தைத் தள்ளிவிட்டதே தன் வார்த்தைதான் என்று நம்பிவிட்டார். அன்றிலிருந்து மனசு எதை வேண்டுகிறதோ அதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார், பஃபலோவுக்கு மட்டும்.

அதற்கப்புறமும் வரிசையாக மூன்று வருஷம் பஃபலோ கடைசி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றுவிட்டு வந்தது. வால்ட் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"நீதான் தோக்கும்னு சொல்லிட்டியேடா. அப்புறமும் ஏன் தோத்தாங்க?"

"நான் சொல்லலன்னா இன்னும் கேவலமா போயிருக்கும்."

"ஒரு தடவை எதிராளிக்கு அம்பத்திரண்டு பாயின்ட் குடுத்தோமேடா. அதைவிடக் கேவலமா?"

"அறுபது குடுத்திருப்போம்" என்றார் நார்ப், கண்ணை இமைக்காமல்.

இப்படிப்பட்டவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று வால்ட் அடுப்படிக்குத் திரும்பிவிட்டான்.

நார்ப்பின் மனைவி லொரெய்ன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள். ஃபுட்பாலை விட அதைப் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். வீட்டு விஷயத்தில் நார்ப் எதையும் மாற்றிச் சொல்வதில்லை. கார், தூரத்து ஷார்லட் ஊரிலிருக்கிற மகள் வீடு வரைக்கும் தாங்காது என்பார், தாங்காது. அடுத்த வீட்டு ஃபர்னஸ் இந்தக் குளிரோடு சரி என்பார், அதோடு சரி. அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது லொரெய்னுக்குப் பழகிப்போன விஷயம்.

நவம்பரில் அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. படம் எடுத்தார்கள். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி குத்திச் சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரமாகும், போனில் சொல்கிறோம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. கோட்டுக்குள் ஐஸ் பையை அணைத்துக்கொண்டு லொரெய்ன் காரில் உட்கார்ந்திருந்தாள். நார்ப் சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை.

"நார்ப், நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாள்.

ஒன்றும் இருக்காது, ஒன்றுமே இருக்காது, அம்மா மரியே, ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து அவர் மனசு அரற்றிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வலப்பக்கமாகப் போன பந்து கண் முன்னால் வந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டார்.

"நல்லதா இருக்காதுன்னுதான் தோணுது" என்றார்.

தன்னிடமிருந்த அன்பையெல்லாம் திரட்டித்தான் அதைச் சொன்னார். லொரெய்ன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, "அப்படியா" என்றாள். நார்ப் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் அவள் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, அடுத்த ஊரிலிருக்கிற தங்கை ஃபிலிஸ் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தால் மனசு லேசாகும் என்று நார்ப் நினைத்தார். தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு. ஆண்பிள்ளைகளின் புத்தி சில நேரம் எங்கே மேயப் போய்விடுகிறது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஹாலுக்குப் போனார். டென்வரைப் பற்றி என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி மீனில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தபோது, பூட்ஸில் பனியோடு ஃபிலிஸ் உள்ளே வந்து நேராக அவர் மேஜை முன்னால் நின்றாள்.

"எந்திரி."

"இரு ஃபிலிஸ், நான் இன்னும் சொல்லவே இல்ல..."

"நீ சொன்ன வரைக்கும் போதும். கார்ல வச்சு அவகிட்ட என்ன சொன்ன?"

நார்ப் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு? பஃபலோவுக்கு நான் எப்பவும் மாத்தித்தானே..."

"நானும் அதையேதான் சொன்னேன். அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா?" ஃபிலிஸின் கண் கலங்கியிருந்தது. "'பஃபலோவுக்கு மட்டும்தான் நார்ப் மாத்திச் சொல்லுவான். மத்த டீமுக்கெல்லாம் மனசுல பட்டதைச் சொல்லுவான், அது பலிக்கும். நான் எந்த டீம்னு எனக்குத் தெரியலையே ஃபிலிஸ்'ங்குறா. மூணு நாளா சாப்பிடல. தன் நகையை யாருக்குக் குடுக்கணும்னு பேசிக்கிட்டிருக்கா."

நார்ப் தட்டைத் தள்ளிவைத்தார். கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஜன்னலிலிருந்து வால்ட் மைக்கை நீட்டினான். "டேய், எங்கடா போற? சொல்லிட்டுப் போடா. ரெண்டே வார்த்தைதானே."

நார்ப் வாயைத் திறக்கப் போனார். "இப்ப ஃபுட்பால் பேசினா இந்த மீனை எடுத்து உன் மூஞ்சிலயே அப்பிடுவேன்" என்றாள் ஃபிலிஸ். வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் போனார். பின்னால் ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக பஃபலோ தோற்கும் என்று சொல்லுவாரில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை கழிந்தது.

ஃபிலிஸ் வீட்டுச் சமையலறையில் லொரெய்ன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. ஃபிலிஸ் இருவரையும் தனியே விட்டுவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

நார்ப்பின் சங்கடத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளைத் தேற்ற வேண்டுமானால் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நல்ல வார்த்தை சொன்னால் அது கெட்டுப்போகும். இது அவர் விளையாட்டுக்கு நம்பிய விஷயம் இல்லை, உயிராய் நம்பிய விஷயம். முடிவு இன்னும் வரவில்லை. சொல்லிவிட்டு அவளைப் பறிகொடுத்தால் அப்புறம் இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது?

குறுக்கு வழி ஒன்று பார்த்தார். "லொரெய்ன், நீ... நீ பஃபலோதான்."

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான். புரிஞ்சுக்க."

"எனக்குப் புரியல. வாயைத் தொறந்து சொல்லு."

"சொன்னா..." நார்ப் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "தொண்ணூத்தொண்ணுல சொன்னேனே. என்ன ஆச்சு?"

லொரெய்ன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை விடாப்பிடியாகப் பற்றியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது. குரல் இறங்கிவிட்டது.

"பலிக்கலன்னா போகட்டும் நார்ப். அது வேற. இன்னிக்கு எனக்கு உன் வாயால கேக்கணும். அவ்ளோதான்."

நார்ப் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "நீ நல்லா இருப்ப. நான் கிழவனாகி உளறும்போது நீ பக்கத்துல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருப்ப."

லொரெய்ன் எழுந்து வந்து அவருடைய வேலைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எண்ணெயும் கரியும் நாறுகிற கோட்டு அது. அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, பசிக்கிறது என்றாள். ஃபிலிஸ் பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளைச் சூடு பண்ணிக் கொடுத்தாள். ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டு அவரோடு வீட்டுக்கு வந்து, படுத்ததும் தூங்கிப்போனாள். தூங்காமல் கிடந்தது நார்ப்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஃபலோ தோற்றது. சும்மா தோற்கவில்லை, சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால், தலைகுனிய வைக்கிற தோல்வி. ஆட்டம் முடிவதற்குள் வால்ட் போன் பண்ணிவிட்டான்.

"பார்த்தியாடா? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நீ சொல்லல. திருப்திதானா உனக்கு?"

நார்ப் போனை வைத்துவிட்டார். அப்படியென்றால் வார்த்தைக்குச் சக்தி இருப்பது நிஜம்தான். நிஜம் என்றால், சமையலறையில் சொன்ன வார்த்தை? பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய், ஒரு கோளாறும் இல்லாத தன் வீட்டு ஃபர்னஸைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லொரெய்ன் படியில் நின்று, "அங்க என்ன பண்ற?" என்று கேட்டதற்கு, "சத்தம் வருது" என்றார். சத்தம் அவர் நெஞ்சுக்குள்ளேதான் வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. ஃபிலிஸும் வந்து முன்னறையில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் போன் அடித்தது. லொரெய்ன்தான் எடுத்தாள்.

"ஆமா, நான்தான். ம்... ம்... சரி. சரிங்க."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நார்ப் கும்பிடாத தெய்வமில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லையாம் நார்ப். வெறும் கட்டியாம். கெட்டது இல்லையாம்."

நார்ப் நின்ற இடத்திலேயே, பூட்ஸ் கழற்றிவைக்கிற மிதியடி மேல், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வருவது என்று இரண்டும் முட்டிக்கொண்டு கடைசியில் விக்கல்தான் வந்தது. ஒரு வாரமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போய்விட்டது. அப்பாடா, அப்பாடா என்று அந்தப் பெரிய உடம்பு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. லொரெய்ன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வந்து காட்டணுமாம்" என்றாள்.

நார்ப் முகம் மாறியது. தம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். நல்லதைச் சொல்வதா, கெட்டதைச் சொல்வதா என்று அவர் படுகிற பாட்டை லொரெய்ன் நன்றாகப் பார்த்து ரசித்தாள். பிறகு அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எதை வேணும்னாலும் சொல்லு ஜோசியரே. நான் எந்த டீம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

நார்ப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"ரொம்ப மோசமா இருக்கும்" என்றார். "படுதோல்வி."

லொரெய்ன் ஊசி குத்தின இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஃபிலிஸ் முன்னறையிலிருந்து ஓடிவந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த இருவராலும் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.