அம்மாவும் எம்.எல்.ஏ.வும் ஏறிய தோணி

என் கல்யாணம் சர்க்கார் படகுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு அப்போதே வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புதான் வரும்; இருபது வயது, மனசில் ஓர் ஆள் வேறு.

முகத்துவாரக்குப்பத்தில் நாங்கள் இக்கரை. அவர் அக்கரை. நடுவில் கழிமுகத்துத் தண்ணீர். இரண்டு பேருக்கும் திருவொற்றியூர் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அவர் காலையில் தோணியில் இக்கரைக்கு வந்து, எண்ணூர் ஸ்டேஷன் வரை நடந்து ரயில் பிடிப்பார். நானும் அதே வழியில்தான் நடக்க வேண்டும். முதலில் முன்னும் பின்னுமாக நடந்தோம். கொஞ்ச நாளில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். குப்பத்துக்கு விஷயம் தெரிய இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர்கள் வீட்டிலிருந்து முறையாகப் பெண் கேட்டு ஆள் வந்தது. அம்மா மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. தண்ணீரைத்தான் குறை சொன்னாள். அவளுடைய தங்கையை, என் சித்தியை, அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்திக்கு இரண்டாவது பிரசவத்தில் நாளுக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. அன்றைக்குப் பார்த்து காற்றும் மழையும். இருந்த ஒரே தோணியைத் தண்ணீரில் தள்ள யாருக்கும் துணிவில்லை. அம்மா இக்கரையில் நின்று தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாளாம். சித்தியும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. அதன் பிறகு அம்மா தோணியில் கால் வைத்ததே கிடையாது.

அதனால் பஞ்சாயத்தார் முன்னால் கறாராகச் சொல்லிவிட்டாள். சர்க்கார் எஞ்சின் வைத்த படகு விட்டால் பெண்ணைத் தருவாள், இல்லாவிட்டால் மாட்டாள். அம்மா இனி அந்தக் கரைக்கு வந்தால் கல்யாணம் பேசத்தான் வருவாள், அதுவரை யாரும் தன்னைக் கூப்பிட வேண்டாம். இந்தப் பேச்சு அக்கரையிலும் ஒரு குடிசை பாக்கியில்லாமல் பரவிவிட்டது.

முதல் தேர்தலில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ. இரண்டு விஷயங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: கரண்டு, படகு. ஜெயித்த பிறகும் அவர் எங்கள் பக்கம் வருகிறார் என்று சேதி வந்தபோது குப்பமே ஆச்சரியப்பட்டது. சட்டசபையில் என்ன நடந்தது என்று மக்களுக்கு நேரில் சொல்லப்போகிறாராம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, என்னைத்தான் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல முன்வரிசை மணலில் போய் உட்கார்ந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வலை உலர்த்தும் மணல்வெளியில்தான் கூட்டம். எம்.எல்.ஏ. வெள்ளை வேட்டி சட்டையும் கழுத்தில் மாலையுமாக ஒரு கட்டுமரத்தின் மேல் ஏறி நின்று ஆரம்பித்தார். ஆரம்பித்தது மலையிலிருந்து. எங்கோ மலையில் அணை கட்டுகிறார்கள், தண்ணீர் மேலிருந்து விழுகிறது, சக்கரம் சுற்றுகிறது, கரண்டு பிறக்கிறது. சக்கரம் சுற்றுவதைக் கையாலேயே சுற்றிக் காட்டினார். எங்களுக்கு முன்னால் இவ்வளவு பெரிய கடல் கிடக்கும்போது மலைக்கு ஏன் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். எம்.எல்.ஏ. வேர்த்துப்போய், கடலைப் பற்றியும் மேலிடத்தில் விசாரிப்பதாகச் சொன்னார்.

பிறகு கம்பங்கள் நட்டுக்கொண்டு வருவதைச் சொன்னார். தண்டையார்பேட்டை ஆயிற்று, திருவொற்றியூர் ஆயிற்று, இனி எண்ணூர்தான். ஒவ்வொரு ஊர் பெயர் முடியும்போதும் அடுத்தது படகுதான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவர் டிரான்ஸ்பார்மருக்குப் போய்விடுவார். அங்கிருந்து கம்பிக்கு. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் நாக்கு நுனியில் என் தாலி தொங்குகிறது, அவர் கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

கடைசியில் படகுக்கு வந்தார். குரல் இறங்கிவிட்டது. கேட்டுப் பார்த்தேன், இந்த வருஷம் பணம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள், அடுத்த வருஷமும் கேட்பேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவ்வளவு குறுகலான தண்ணீருக்கு எஞ்சின் படகு எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்டதையும் சேர்த்துச் சொன்னார். நல்ல மனுஷன், எதையும் மறைக்கத் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் அம்மா எழுந்து நின்றாள்.

"குறுகலா கீதுன்னு எவன் சொன்னான்? நீ அதுல போயி பாத்துக்கீறியா நைனா?"

கரையிலிருந்து பார்த்திருப்பதாக எம்.எல்.ஏ. சொன்னார்.

"கரையில நின்னு பாத்தா எல்லாம் குறுகலாத்தான் கீது. வா, வந்து ஏறு."

ஒரு கையில் அவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் என் மணிக்கட்டு ஏற்கெனவே இருந்தது. கோபத்தில் விட மறந்துவிட்டாள். ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? மாலையும் செருப்புமாகத் தோணியில் ஏறினார். தோணிக்காரர் தள்ளினார். தண்ணீர் இழுக்கும் இடத்துக்கு வரும்வரை அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அங்கே தோணி ஓர் ஆட்டம் ஆடியது. அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அம்மாவுக்கு உறைத்தது.

வாய் அப்படியே நின்றது. தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எம்.எல்.ஏ. ஏற்கெனவே மூடியிருந்தார். உங்களுக்கு நீச்சல் தெரியுமா அம்மா என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். தெரியாது என்று அம்மாவும் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் தோணி இன்னும் ஆடியது. சும்மா உட்காராவிட்டால் தண்ணீரில் தள்ளிவிடுவேன் என்று தோணிக்காரர் என்னை மிரட்டினார்.

அக்கரையில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: தோணியில் அம்மா வருகிறாள். கூடவே மாலை போட்ட ஒரு பெரிய மனுஷர். அம்மா வந்தால் கல்யாணம் பேசத்தான் வருவாள் என்பது ஊரறிந்த பேச்சு. அப்புறம் கேட்க வேண்டுமா? நாங்கள் கரை சேர்வதற்குள் ஒருவன் மேளத்தை எடுத்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை, பாக்கு, பூ, பழத்தோடு தாம்பாளத்தை ஏந்தி நின்றார்கள். எம்.எல்.ஏ. முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் தனக்கான வரவேற்பு என்று நினைத்து, அம்மா வாய் திறப்பதற்குள் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பெண் வீட்டுப் பெரியவர் தாம்பாளத்தை வாங்கினால் எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மேளம் இன்னும் வேகம் பிடித்தது.

நான் இறங்கவில்லை. கட்டிக்கொள்ளும் முன்னால் அந்த ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது. தோணியிலேயே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாமே, உங்கம்மா ஒத்துகிச்சா?"

"தெரியல. வோணும்னா கரண்டு எப்படி பொறக்குதுன்னு சொல்றேன், கேளு."

கரையில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். பேசிப் பேசிப் பசித்திருந்த எம்.எல்.ஏ. உடனே உட்கார்ந்து மீன் குழம்பைப் பிசைந்தார். அம்மா மட்டும் நின்றாள். தாம்பாளம் கைமாறினாலும், பெண்ணைப் பெற்றவள் உட்கார்ந்து அந்த வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம். மேளம் நின்றுவிட்டது. அம்மா மூன்றாவது குடிசை வரை நடந்து போனாள். சித்தி வாழ்ந்த இடம் அது. அங்கே அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது தோணியிலிருந்து எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அவள் பின்னாலேயே போய் நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போது கேட்கவில்லை, பிறகு அம்மாதான் சொன்னாள்.

"உன் தங்கச்சி தலைய அன்னிக்கு மடியில வெச்சிகினு இருந்தது நான்தான். உன் பொண்ணுக்கும் நான் கீறேன்."

அம்மா திரும்பி வந்தாள். எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தாள். தோணி விளிம்பைப் பிடித்திருந்தவர் நின்ற தண்ணீரிலேயே குதித்தார். என் பாவாடை தாவணியெல்லாம் நனைந்துவிட்டது.

திரும்பும்போது எம்.எல்.ஏ. நிறைந்த வயிறும் சந்தோஷமுமாக இருந்தார். அந்தக் கரையில் தனக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றார். அம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னாள். தாம்பாளம் வாங்கியவர் இனி பெண்ணுக்குத் தாய்மாமன் மாதிரி. சட்டசபையில் படகு கேட்கும்போது அக்கா மகளுக்காகக் கேட்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். மனுஷன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். கல்யாணத்துக்கு வந்து ஒரு பட்டுப்புடவையும் வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத் திரும்பும் வழியில் தண்ணீர் இழுக்கும் இடம் வந்தபோது அம்மா என் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"படகு வரும்போது வரட்டும். வலி கண்டா ஆளு அனுப்பு. நான் வந்துர்றேன்."

கம்பம் சொன்னபடி எங்கள் குப்பம் வரை வந்தது. படகு வரவில்லை. எம்.எல்.ஏ. வருஷா வருஷம் கேட்டார், அவர்களும் வருஷா வருஷம் இல்லை என்றார்கள். தலைப்பிரசவம் வழக்கப்படி அம்மா வீட்டிலேயே நடந்தது. இரண்டாவது பிள்ளைக்குத்தான் நான் அக்கரையில் இருந்தேன். ஒரு நாள் காலையில் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அம்மா நனைந்த புடவையோடு வாசலில் வந்து நின்றாள். வெளியே பலத்த காற்று. யாரும் ஆள் அனுப்பவில்லை. எனக்கு வலி கண்டதோ அன்று சாயங்காலம்தான்.