நீ என்று கத்திய இசைக்குழு

கலியாணமாகி ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இந்த நாட்டில் அறவே பிடிக்காத பொருள், என் கணவரின் காரில் கிடந்த ஒரு சீடிதான். ஜெர்மன் ரொக் இசைக்குழு ஒன்று. அட்டைப்படத்தில் சிரிக்கத் தெரியாத நாலு தாடிக்காரர்கள். பாடகருக்குத் தொண்டையில் என்ன வருத்தமோ தெரியாது, தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரல். என் கணவர் களஞ்சிய வேலைக்கும் நான் பள்ளிக்கூடம் துப்புரவாக்கவும் விடியுமுன் ஒரே காரில் போவோம். கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால் தாடிக்காரர்கள் தொடங்கிவிடுவார்கள்.

“இஞ்சருங்கோ, விடியக்காலமை ஒரு தேவாரம் போடக் கூடாதே?”

“நீர் ஒருக்காக் கேட்டுப் பாரும். பிறகு சொல்லும்.”

அவர் பதினாலு வயதில் தனியாக இங்கே வந்தவர். வகுப்பில் அவரோடு கதைத்த ஒரே ஜெர்மன் பெடியன் கொடுத்த பாட்டுகளாம் அவை. இந்த மொழியையே அந்தப் பாட்டுகளில்தான் படித்ததாகச் சொல்லுவார். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று போகிற கொண்டாட்டங்களில் எங்கள் ஆட்கள் அவரைப் பிடித்துவைத்துப் பகிடி பண்ணுவார்கள். தலை நரைக்குது, இன்னும் ரொக் கேக்கிறார் என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு பாட்டின் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கிவிடும். பாடகர் மட்டும் “நீ, நீ, நீ” என்று கத்துவார். எனக்கு அப்படித்தான் கேட்டது. மற்ற வரிகளில் ஒரு சொல்லும் விளங்காது. போனவளை நடுத்தெருவில் நின்று கூப்பிடுகிறான், பாவம், என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒரு நாள் அந்த இடம் வந்தபோது என்னை அறியாமல் நானும் வாய்விட்டுக் கத்தினேன்.

எங்கள் வழக்கத்தில் பெண்சாதி புருஷனை நீ என்று சொல்லுவதில்லை. நான் அவரை நீங்கள் என்பேன், அவர் என்னை நீர் என்பார். நீ என்று இறங்காமலும் நீங்கள் என்று ஏறாமலும் நடுவில் நிற்கிற சொல் அது. மரியாதையும் அன்பும் அதில் சரிபாதி. அந்தக் காருக்குள், அந்தப் பாட்டுக்குள் மட்டும் நான் அவரை நீ என்றேன். விரலை நீட்டி, முகத்துக்கு நேரே. அவர் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டு “ஓம், நான்தான்” என்பார். ஒரு நாளும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குழு என்னைப் பிடித்துக்கொண்டது. டிரம் அடிக்கிறவர் எந்த இடத்தில் ஒரு மயிரிழை பிந்துவார், பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூட நடைபாதையைத் துடைத்தபடி பாடுவேன். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் மேடைக்குக் கிட்ட நிற்கவேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவர் களஞ்சியத்தில் விழுந்தார். மூளையில் அடைப்பு. மொழிபெயர்க்க எங்கள் கட்டடத்து அக்கா ஒருவர் வைத்தியசாலைக்கு வந்தார். ஜெர்மன் வகுப்பில் நான் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். வைத்தியர் சொன்ன வசனத்தில் ‘திரும்ப’ விளங்கியது, ‘கதைக்க’ விளங்கியது. இடையில் ஒரு ‘நீ’ இருந்தது. தெரிந்த சொல் ஒன்று காதில் விழுந்த சந்தோஷம்கூட எனக்கு வந்தது.

“ஆரை நீ எண்டு சொல்லுறார், அக்கா?”

அக்கா என் கையைப் பிடித்தார். “அது எங்கட நீ இல்லைப் பிள்ளை. ஜெர்மனில அதுக்கு ஒருநாளும் இல்லை எண்டு அர்த்தம். இனி ஒருநாளும் கதைக்க மாட்டார் போல எண்டுதான் சொல்லுறார்.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவ்வளவு நாளும் ‘ஒருநாளும் இல்லை, ஒருநாளும் இல்லை’ என்று அவர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறேன். அந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டு “ஓம், நான்தான்” என்றிருக்கிறார். நான் நீ என்று சொல்லுவதைக் கேட்கும் ஆசையில்தான் திருத்தாமல் விட்டிருப்பார். அது விளங்கியபோது கோபமும் போய்விட்டது. பிறகு இருந்தது பயம் மட்டும்.

அந்த வருஷம் முழுவதும் நான் கேட்டது அந்தத் தாடிக்காரர்களை மட்டும்தான். தேவாரம் கேட்க மனம் வரவில்லை, அதில் ஆறுதல் இருக்கிறது. இவர்கள் யாருக்கும் ஆறுதல் சொல்லுவதில்லை. அதனாலேயே அவர்களை நம்பினேன்.

அவரைத் திரும்பக் கதைக்கப் பழக்க வீட்டுக்கு வருகிற ஜெர்மன் பெண், பேச்சு போனவர்களுக்கும் சில வேளை பாட்டு வரும் என்றார். அந்தப் பாட்டை என் கணவருடைய காதுக்குக் கிட்ட வைத்துப் போட்டேன். வாத்தியங்கள் அடங்கிய இடத்தில் அவர் வாய் கோணியபடி திறந்தது. “நீ” என்றார்.

இன்றைக்கு வரைக்கும் அவரிடம் இருக்கிற ஒரே சொல் அதுதான். தண்ணீருக்கும் அது, நோவுக்கும் அது. யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி போனில் கேட்டுவிட்டு, “என்ர பிள்ளை உன்னைத்தான் கூப்பிடுறான்” என்று அழுதா. பழக்க வருகிற பெண்ணுக்கு அது மறுப்பாகப் படுகிறது. எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் ஒருநாளும் மாட்டேன் என்கிறார், அவருக்கு விருப்பமில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றார்.

என் உடைந்த ஜெர்மனில் அந்தப் பெண்ணோடு சண்டை பிடித்தேன். இவர் என்னை ஒருநாளும் நீ என்று கூப்பிட்டதில்லை, நீர் என்றுதான் கூப்பிட்டார், கடைசி எழுத்துத்தான் நாக்கில் ஏறமாட்டேன் என்கிறது என்றேன். அந்தப் பெண் ‘நீர்’ என்ற சொல்லை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஏதோ யோசித்துவிட்டு, சரி, தொடருவோம் என்றார்.

நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியாது. இவர் ஜெர்மனில்தான் சொல்லுகிறார், தன்னை விட்டுவிடச் சொல்லுகிறார் என்றால், நான்தான் அவரைப் போட்டு வதைக்கிறேன்.

நேற்றும் கட்டிலோரம் உட்கார்ந்து, நாக்கு நுனியை மேலே தொட்டு, “ர்” என்று சொல்லிக் காட்டினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ” என்றார். நான் திரும்பவும் “ர்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.