சொந்தமில்லாத ஓர் ஆள்

தாராவியில் பை தைக்கும் ஷரீஃபுன்னிசாவுக்கு லூபஸ் வந்து ஆறு வருடம் ஆகிறது. உடம்பின் காவல்காரனே உடம்பை அடிக்கிற நோய். மூட்டு வலிக்கும், வெயில் பட்டால் கன்னம் சிவக்கும். அதனால் பத்தடி தள்ளியிருக்கும் கடைக்கும் குடை பிடித்துத்தான் போவாள். "மகாராணி வாறா, வழி விடுங்க" என்போம். அவளும் தலையாட்டிக்கொண்டே நடப்பாள். அல்லாஹ் அந்தச் சிரிப்பை மட்டும் குறைக்கவில்லை.

போன மாதம் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சிக்கு இவள் ரத்தத்தைக் கேட்டார், கூடவே ஓர் ஆளைத் தேடிக் கூட்டி வரும் வேலையும் கொடுத்தார். இந்த நோய் சில இனத்தாருக்கு அதிகம் வருகிறதாம், கடுமையாகவும் வருகிறதாம். பரம்பரையில் எது காரணம் என்று வெள்ளைக்காரர்களிடம் நிறையப் பார்த்தாயிற்று. நம் ஆட்களிடம் பார்த்தது கொஞ்சம்தான். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊர்ப்பக்கத்து, நோயில்லாத, சொந்தமில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். சனிக்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் இவள் ரத்தமும் ஆராய்ச்சியில் சேராது.

சேர்ந்தே ஆக வேண்டும் அவளுக்கு. மகள் ஷைஸ்தாவுக்குப் பதினாறு வயது. "இவளுக்கும் வருமா?" என்று கேட்டதற்கு, "வராமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் ஆட்களைப் பார்த்தால்தான் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்" என்றாராம்.

சந்து முழுக்கத் தேடினாள். சந்தே சாச்சா என்று கூப்பிடும் சலாவுதீனின் மகன் தாஹிரோடு பேச்சுவார்த்தை இல்லாததால் சொந்தமும் இல்லை என்று நினைத்தாள். விசாரித்தால் அவன் உம்மாவும் இவள் வாப்பாவும் அக்காள் தங்கை மக்கள்!

புருஷன் கரீம் பாட்சா நெஞ்சை நிமிர்த்தினார். "என்னைய எழுதிக்க. எங்க முப்பாட்டனார் அரபு நாட்டுலேருந்து கப்பல்ல வந்தவங்க."

"கப்பல் எங்க மாமி வீட்டு வாசல்லயா நின்னுச்சு? நீங்க என் சொந்த மாமி மவன். சும்மா இரிங்க மச்சான்."

கடைசியில் பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளைப் பிடித்தாள். அவளும் இவளைப் போலவே தென்காசிப் பக்கம், கும்பிடும் இடம்தான் வேறு. டாக்டரம்மா சரி என்றார். சொர்ணம்மாளுக்கு ஊசி என்றால் நடுக்கம்.

சனிக்கிழமை நர்ஸ் கேட்டாள்: "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

சொர்ணம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "என் மைனி. அண்ணன் பொண்டாட்டி" என்றாள்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி, ஒனக்கு அண்ணனே கெடையாதேட்டீ! சொந்தமில்லன்னு சொல்லு!"

"பதினெட்டு வருசமா மைனின்னு கூப்பிட்டுட்டு எப்படிச் சொல்ல?"

ஷரீஃபுன்னிசா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இவ எனக்கு யாருமில்ல சிஸ்டர். சத்தியமா யாருமில்ல" என்றாள்.

நர்ஸ் சிரித்தபடி 'உறவு இல்லை' என்று எழுதினாள். இரண்டு பேர் ரத்தமும் சேர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் சொர்ணம்மாள் சயான் நிறுத்தம் வரை ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகுதான் கேட்டாள்: "யாருமில்லன்னு சொன்னிய, சரி. சத்தியம் எதுக்குப் பண்ணுனிய மைனி?"