ஒன்பது வெள்ளைச் சட்டைகள்

எங்கள் ஊரில் விசிட்டிங் கார்டுக்கு என்றே ஒரு லட்சணம் உண்டு. மூலைக்கு ஒரு சாமி, நடுவில் முதலாளியின் படம், நாலு போன் நம்பர், ஏழு கலர். அச்சகத்துக்காரர் எனக்கும் அப்படித்தான் ஒன்று போட்டுக் காட்டினார். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். ஒரு பெயர், ஒரு நம்பர் போதும். மீதிப் பாதியில் எங்கள் சேலைத் துணியையே இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டிவிடுவேன் என்றேன். வாங்குகிறவன் தொட்டுப் பார்க்கட்டும். துணிக்குக் கீழே ஒரே வரி: "சாயம் போகாது." அந்த வரியும் என் மூளையில் உதித்ததுதான். பிற்பாடு யாரையும் திட்ட வழியில்லாமல் போனது அதனால்தான்.

பத்து வருஷம் நானும் என் கணவரும் கூலிக்கு நெய்தோம். வேறொருவர் நூல் தருவார், வேறொருவர் பெயரில் சேலை விற்கும். கார்டு அடித்த வருஷம்தான் சங்கரன்கோவிலில் எங்கள் நாலு தறியிலும் சொந்த நூலைப் போட்டோம். நெய்த சேலை வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஒரு ஜவுளிக்கடைகூட நேராக வந்து கேட்கவில்லை.

"இந்த மாசம் பாப்போம். ஒரு கடையும் அமையலன்னா பேசாம கூலிக்கே போயிருவோம்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜவுளிக் கடைக்காரர்கள் கூட்டம். அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் சாயப்பட்டறைக்கு ஓடினேன். எனக்குப் பிடித்த அரக்குச் சிவப்பு நூல் அப்போதுதான் தொட்டியிலிருந்து ஏறியிருந்தது. "இன்னும் ரெண்டு தண்ணி அலசணும் தங்கச்சி, நாளைக்கு வாங்க" என்றார் சாயம் முக்குகிறவர். "கார்டுல ஒட்டத்தான அண்ணே, யாரும் உடுத்தவா போறாங்க" என்று ஒரு சிட்டம், ஒரே ஒரு கட்டு நூலைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதை ஊடையாக, குறுக்கு இழையாக ஓட்டி ஒரு முழம் நெய்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டினேன். கார்டு அவ்வளவு அழகாக இருந்தது.

மண்டபத்தில் ஒன்பது பேரிடம் கொடுத்தேன். ஒன்பது பேரும் வெள்ளைச் சட்டை. கடைசியாகத் தென்காசியில் பெரிய கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"துணி நல்லாருக்கே. நாளைக்கு உங்க ஊரு தாண்டித் திருவேங்கடம் வரைக்கும் ஒரு சோலி இருக்கு. அப்படியே உங்க தறியையும் பாத்துட்டுப் போறேன்."

கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் மண்டபமே வியர்த்தது. முகத்தைத் துடைக்கலாம் என்று கையை உயர்த்தினேன். மிச்சக் கார்டுகளைப் பிடித்திருந்த உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. கைக்குட்டையில் துடைத்தேன், கைக்குட்டையும் சிவந்தது. ஒன்பது சட்டைப் பைக்குள் அந்தத் துணி வியர்வையில் நனைந்துகொண்டிருக்கும், கூடவே "சாயம் போகாது" என்ற என் வாக்குறுதியும்.

முன்பின் தெரியாத ஆம்பளைகளிடம் போய்ப் பையில் இருப்பதை எடுங்கள் என்று ஒரு பொம்பளை எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். "போன் நம்பர் தப்பா அச்சாயிட்டு, வேற கார்டு தாரேன்." ஒருவர் கார்டால் விசிறிக்கொண்டிருந்தார், சுலபமாகக் கிடைத்தது. இரண்டு பேர் மேசைமேல் வைத்திருந்தார்கள். இன்னொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். பையின் அடியில் கடுகளவு கறை. அவர் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டேன். இப்படியே எட்டு கார்டு கைக்கு வந்தது.

தென்காசி அண்ணாச்சி கார்டைத் தரவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, "இதுக்கு எதுக்கும்மா வேற கார்டு? சரியான நம்பரைச் சொல்லு, திருத்திக்கிடுதேன்" என்றார்.

நம்பர் சரியாகத்தானே இருக்கிறது! எதைச் சொல்வேன்? தப்பான நம்பரைச் சொன்னால் அவர் எனக்குக் கிடைக்கவே மாட்டார்.

"நம்பர்லாம் சரிதான் அண்ணாச்சி. சாயம் போகுது. அலசாத நூல அவசரப்பட்டு ஒட்டிட்டேன்."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். பையின் அடியில் அகலமாக ஒரு சிவப்பு.

"ரத்தம் வந்த மாதிரில்லா இருக்கு" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"புதுச் சட்டை எடுத்துத் தாரேன் அண்ணாச்சி. கார்டைக் குடுத்திருங்க."

"சட்டை கெடக்கட்டும். கார்டு எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்குத் தறி பாக்க வரல."

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எட்டு பேருக்கு என் நம்பர் தெரியாது, நானே பிடுங்கிவிட்டேன். ஒன்பதாவது ஆள் அந்தக் கார்டை ஊர் ஊராகக் காட்டுவார் என்று ஐந்து நாள் பயந்து செத்தேன்.

ஆறாம் நாள் அவரே கூப்பிட்டார். "துணி நல்லாத்தான் இருக்கு. அலசின நூல்ல நெய்த அதே செவப்பு சேலை ஒண்ணு அனுப்பு. எங்க வீட்டுல முக்கிப் பாக்கணும்."

அனுப்புவதற்கு முன் வெள்ளை வாளியில் நான் முக்கிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நம்பிக்கை வரவில்லை. வேறு தண்ணீர் பிடித்து மறுபடி முக்கினேன். நாலாவது தடவை என் கணவர் வாளியைப் பிடுங்கி வைத்தார். "ஏட்டி, அவருக்குப் பழஞ்சேலையா அனுப்பப் போற?" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

மூன்று நாள் கழித்துப் போன் வந்தது.

"சாயம் போகல. நாப்பது சேலை அனுப்பு, நல்லாப் போச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தச் செவப்பு மட்டும் வேண்டாம் தாயி. பாத்தாலே என் சட்டை ஞாபகம் வருது" என்றார்.

அவர் கேட்ட நிறமாயிற்றே என்று நாலு தறியிலும் அந்தச் சிவப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே தறியை நிறுத்த ஓடினேன்.